சுவரில் தொங்கிய வடகம்

சட்டென்று வெடித்தால் பணம் வரும், மெல்லக் கசிந்தால் சல்லிக்காசு வராது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்? வீட்டு இன்சூரன்ஸில் தண்ணீர்க் குழாய்தான்.

செண்பகவடிவு வீட்டுச் சமையலறைச் சுவருக்குள் ஓடிய குழாய் காலையில் வெடித்து, சுவர் பாதி பெயர்ந்துவிட்டது. இழப்பீடு கிடைக்காவிட்டால் அதைக் கட்ட அவளுக்கு வழியில்லை. பார்வையிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் கிருபாகரன் உதட்டைப் பிதுக்கினார்.

"இது பல மாதக் கசிவு. சுவரே ஊறிக் கிடக்கு. என்னை ஏமாத்த முடியாதும்மா!"

"சரிங்க சார். வந்தது வந்தீங்க, கொஞ்சம் வடகம் சாப்பிட்டுப் போங்க. நித்திலா, பையை எடு."

உடைப்புக்கு மேலே, அதே சுவரில் ஆணியில் தொங்கிய துணிப்பையை மகள் எடுத்துக் கொடுத்தாள். செண்பகவடிவு ஒரு தட்டு பொரித்து வைத்தாள்.

கிருபாகரன் மொறுமொறுவென்று கடித்தார். "அடடா, பூவாப் பொரிஞ்சிருக்கே! எப்போ போட்டது?"

"சித்திரை வெயில்லங்க. ஐப்பசி வந்தாச்சு, அன்னையிலேருந்து இந்தச் சுவத்துலதான் தொங்குது. பல மாதம் ஈரம் இருந்திருந்தா பூசணம்தானே பூத்திருக்கும், சார்?"

கிருபாகரன் வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினார். பிறகு, 'திடீர் உடைப்பு' என்று எழுதினார்.

தட்டில் ஒரு வடகம் மீந்தது. "சாருக்குக் குடுக்கிறியா, நீ திங்கிறியா?" என்று அம்மா கேட்டாள்.

நித்திலா தின்றாள்.