கழிப்பறைச் சாவி

எங்கள் பனியன் கம்பெனி மேனேஜர் சபாபதி என்ற புண்ணியவான் கழிப்பறையைப் பூட்டிவிட்டு, ஆளுக்கு ஒருநாளில் ஒருமுறைதான் சாவி என்றான். தையல் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள்.

ஒருநாள் அவன் கூட்டிவந்த மனோதத்துவ நிபுணர், இரண்டு இளநீரைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் மைக்கில் முழங்கினார். "உள்ளே ஆர்வம் இருந்தால், வேலை செய்பவனுக்கு உடம்பே ஞாபகம் வராது!"

"கேட்டீங்களா? நாளையிலிருந்து சாவியே கிடையாது" என்றான் மேனேஜர்.

கூட்டம் முடிந்ததும் நிபுணர் நெளிந்தபடி சாவியோடு மேடை ஓரம் நின்ற வாட்ச்மேன் பொம்மையனிடம் ஓடிவந்தார். "சாவி குடுய்யா, அவசரம்!"

"இன்னுங் கொஞ்சம் ஆர்வமாப் பேசுங்க சார், மறந்துடும்."

"அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொன்னதுய்யா!"

பொம்மையன் மேடை மைக்கை எடுத்து நீட்டினார். "அதை இதுல சொல்லிட்டுச் சாவியை வாங்கிக்குங்க."

சொன்னார். முந்நூறு பேர் கேட்டோம். அன்று திறந்த கதவைத் திரும்பப் பூட்டச் சபாபதிக்குத் துணிச்சல் வரவில்லை.