குவளை நாட்டில் சொல்லக் கூடாத பேர்

முன்னொரு காலத்தில் குவளை நாட்டை உக்கிரமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். பேரில்தான் உக்கிரம், அட்டையைக் கண்டால் ஆள் அலறிவிடுவார். வேட்டைக்குப் போன இடத்தில் காலில் ஏழு அட்டை ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துவிட்டன, பாவம். அன்றைக்கே ஆணை போட்டார்: "இனி என் சபையில் அந்தப் பேரைச் சொன்னவன் நாட்டை விட்டே போகணும்!"

ஊர்கிற அட்டைக்குச் சரி. ஆனால் கப்பல் கப்பலாய்க் காகிதமும் காகித அட்டையும் விற்கிற நாடாயிற்றே! கணக்கர்கள் என்ன செய்வார்கள்? தாளோ அட்டையோ, எல்லாவற்றையும் 'கட்டு' என்றே எழுதித் தொலைத்தார்கள்.

இருபது வருஷம் ஓடியது. அமைச்சர் அறவாழியின் பதவிமேல் விடங்கர் என்ற பிரதானிக்கு வெகுநாளாய் ஒரு கண். அவர் ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! அன்று நாமும் பக்கத்துத் தாழை நாடும் வருஷத்துக்கு ஆளுக்கு ஆயிரம் கட்டு அனுப்பினோம். இன்று அவர்கள் ஐயாயிரம், நாம் வெறும் இரண்டாயிரம். அமைச்சர் தூங்குகிறார்!"

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "அறவாழி, நாளை உச்சிவேளைக்குள் பதில் சொல்லும். இல்லாவிட்டால் பதவியும் இல்லை, இந்த நாடும் இல்லை."

அமைச்சர் துறைமுகத்துக்கு ஓடினார். தாழை நாட்டுக் கப்பல்களும் அங்கேதான் தங்கிப் போகும். எண்ணிக்கை சரியாகவே இருந்தது! அவர்களுடைய கட்டு ஒன்றை அவிழ்த்தார். மேலே அட்டை, கீழே அட்டை, நடு நடுவே அட்டை. தாள் எண்பதே எண்பது. கிடங்கு மூலையில் கிடந்த அவர்களின் பழைய கட்டிலோ ஐந்நூறு தாள்.

பதில் கிடைத்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தாலும் நாடு கடத்தல், திறக்காவிட்டாலும் நாடு கடத்தல்! அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் தாழை நாட்டுக் கட்டு ஒன்றை அவிழ்த்து, மேலே இருந்ததை உருவி நீட்டினார். "பிரதானியாரே, இது என்ன?"

விடங்கர் சிரித்தார். "நீரே சொல்லும்!"

"தாளா?"

"தொட்டுப் பார்க்கவே வேண்டாம், தாள் இல்லை."

"பலகையோ?"

"பலகையும் இல்லை! அவர்கள் கட்டு எல்லாவற்றிலும் இருப்பதுதானே!"

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "அடச்சே! ரெண்டு பேருக்கும் கண் அவிந்துபோச்சா? அது அட்டைய்யா, அட்டை!"

ராஜா வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு காலையும் சிம்மாசனத்தில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மகாராஜா சொன்னால் சரிதான்," என்றார் அமைச்சர். "முன்பு அவர்கள் கட்டில் ஐந்நூறு தாள். இப்போது எண்பது, மற்றதெல்லாம் மகாராஜா சொன்னதுதான். கட்டு ஐந்து மடங்கு ஆச்சு, தாள் குறைஞ்சு போச்சு. நம் கட்டில் அன்றும் ஐந்நூறு, இன்றும் ஐந்நூறு."

ராஜா விடங்கரைப் பார்த்தார். "அவிழ்த்தது ஒரே கட்டு, எல்லாக் கட்டிலும் இருப்பது என்றீரே! அப்படியானால் உமக்கு முன்பே தெரியும்."

"அது வந்து... மகாராஜா..."

"காட்டில் ஒட்டியது போதாதென்று சபையிலும் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க என்ன போடுவார்கள், அமைச்சரே?"

"உப்பு, மகாராஜா."

"அனுப்பும் இவரை உப்பளத்துக்கு!"

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். அப்போதுதான் அறவாழிக்கு மூச்சே வந்தது. அன்று முதல் கணக்கில் தாள் தனி, அட்டை தனி. இரண்டாவது வரியைப் படிக்கும்போது மட்டும் ராஜா காலை மேலே தூக்கி வைத்துக்கொள்வார்.