பன்னிரண்டாம் நாள்

"முதல் குற்றம், காதடியில் கட்டி வந்தப்போ பல் வீக்கம்னு மாத்திரை கொடுத்தது. ரெண்டாவது, ஸ்கேனுக்கு நாலு மாசம் இழுத்தடிச்சது. மூணாவது, புற்று வந்த உமிழ்நீர்ச் சுரப்பியை எடுக்கிறப்போ நரம்பையும் வெட்டி என் வாயைக் கோணலாக்கினது. இப்ப நாலாவதா, ஆறு வாரம் கதிர்வீச்சு வைக்கணுமாம்."

துறைமுகத் தொழிலாளர் சங்கத்துப் பொன்னுலிங்கம் விரல் மடக்கி எண்ணி முடித்தார். நாற்பது வருஷம் வாசல் கூட்டங்களில் முழங்கிய வாய். இப்போது ஓரத்தில் எச்சில் வழிந்தது.

சங்க அலுவலகத்தில் எதிரே எஸ்தர் தோழர். பொன்னுலிங்கத்துக்கு அரசியல் பாடம் எடுத்தவர். சங்கத்தின் துண்டறிக்கைகளை எல்லாம் எழுதியவர்.

"வாய்தான் கோணல். பேச்சு பழைய பேச்சுதான். டாக்டர் என்ன சொல்றார்?"

"வைக்காட்டி திரும்ப வர வாய்ப்பு அதிகமாம். வெச்சா வாய் வறண்டுடுமாம், ருசி போயிடுமாம். நாளைக்குள்ள சொல்லணும். அவங்களை நம்பி இன்னொரு தடவை படுக்கணுமா? புறக்கணிக்கலாம்னு இருக்கேன். நீங்க சொல்லுங்க தோழர்."

எஸ்தர் எழுந்தார். அலமாரியிலிருந்து தியாகிகள் பட்டியலை எடுத்து நீட்டினார். வருஷந்தோறும் துறைமுக வாசலில் பொன்னுலிங்கம் வாசிக்கும் பட்டியல். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் கொன்றது யார் என்றிருக்கும்.

"ஒன்பதாவது?"

"கருத்தபாண்டி. கம்பெனி ஆஸ்பத்திரி கொன்றது."

"தொண்டையில புற்று. கதிர்வீச்சுக்கு எத்தனை நாள் போனான்?"

"பதினொண்ணு."

"பன்னிரண்டாம் நாள்?"

"அந்த ஆஸ்பத்திரியைப் புறக்கணிக்கிறதுன்னு நாமதானே தீர்மானம் போட்டோம்."

"நோட்டீஸ் நான் எழுதினேன். ஆஸ்பத்திரி வாசல்ல அவனை மறிச்சது யாரு?"

பொன்னுலிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டார். "போயிருந்தாலும் செத்திருப்பான்."

"இருக்கலாம். அதை அவன் போய்ப் பார்த்திருக்கணும்."

அன்று அந்த வாசலில் கஞ்சித் தூக்கோடு நின்றான் கருத்தபாண்டி. 'அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் போயிட்டு வந்துடட்டுமா?'

வேண்டாம் என்று சொன்னபோது இந்த வாய் நேராகத்தான் இருந்தது.

சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரி சம்மதப் படிவத்தை எடுத்தார். மேசைமேல் நீவினார். கையெழுத்துப் போட்டார்.

"சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்."

வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த சுமைக்காரர்கள் இருவர் உள்ளே வந்து பேனாவுக்குக் கை நீட்டினார்கள்.

"கையெழுத்து அப்புறம். முதல்ல இதைக் கேளுங்க."

பொன்னுலிங்கம் பட்டியலில் ஒரு வரியின் பாதியை அடித்தார். அதன் மேலே எழுதினார். பிறகு, வாசலில் நிற்பதுபோல் எழுந்து நின்று வாசித்தார்.

"ஒன்பதாவது, கருத்தபாண்டி. வைத்தியத்துக்குப் போகவிடாமல் மறித்தவன், பொன்னுலிங்கம்."