நாலு சுவரும் ஆபீஸ்

எட்டாவதோடு நின்றவள் நான்; இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. தண்ணீர் கேன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் ஆர்டர் எடுக்கிறேன். நாற்காலியும் ஹெட்செட்டும் கொடுத்த மேனேஜர் முகுந்தன், "இதை மாட்டிட்டா உங்க வீட்டு நாலு சுவரும் ஆபீஸ்தான். வீட்டுச் சத்தம் ஒண்ணும் கேட்கக் கூடாது" என்றார்.

ஒருநாள் எல்லோரும் லைனில் இருந்த மீட்டிங்கில், நோயில் படுத்திருந்த என் வீட்டுக்காரருக்கு இருமல் நிற்கவில்லை. மூச்சு வாங்கியது.

"செண்பகம், ஆபீஸ்ல யாரும்மா இருமுறது? நிறுத்தச் சொல்லு, இல்லேன்னா வேலையை விட்டுடு!" என்றார் முகுந்தன்.

"ஆபீஸ்னு நீங்களே சொல்லிட்டீங்க சார். ஆபீஸ்ல ஒருத்தருக்கு மூச்சு முட்டினா கம்பெனி வண்டிதானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்? அனுப்பி வையுங்க சார்."

லைனில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் ரோஸ்லின் மட்டும் சிரிக்காமல், "கேன் வண்டி அவங்க தெருவிலேதான் நிக்குது சார்" என்றாள். அத்தனை பேர் காதில் விழுந்த பிறகு முகுந்தனால் மறுக்க முடியவில்லை.

கேன்களுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுபோனோம். திரும்பி வந்தது நான் மட்டும்தான்.

வேலை போகவில்லை; பயமும் போகவில்லை. யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதென்று, பேசாத நேரமெல்லாம் மைக்கை அணைத்தே வைக்கிறேன். இருமுவதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.