முன்வரிசையில் செண்பகராமன்

“எனக்குச் சிரிப்பே வரலம்மா,” என்றார் செண்பகராமன்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மடத்துக் குரு உமையாளம்மையைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் சீடர் அவர்தான். மனைவி இறந்த பிறகு வாரம் தவறாமல் மடத்துக்கு வருவார். அலுத்துப்போன குரலில் அதே குறைகளைச் சொல்லிவிட்டுப் போவார்.

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“நேத்துக் கச்சேரிக்குப் போனியளா?”

“போனேன்.”

நையாண்டிப் பாட்டுக்காரர் சிங்காரத்தின் கச்சேரி. ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊரையே கிண்டலடிக்கிறவர். அவருடைய கேசட்டுகளைச் செண்பகராமனும் மனைவியும் தேயத் தேயக் கேட்டிருக்கிறார்கள். நேரில் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. பார்த்தால் ஒரு தடவையாவது சிரித்துவிடலாம், நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நம்பித்தான் போனார்.

“எப்படிப் பாடினாரு?”

“என்னத்தப் பாடினாரு! கிழடு தட்டிட்டும்மா. நான் முன்வரிசையில உக்காந்திருக்கேன். மாமியார் பாட்டுல ஒரு வரி பாடுவாரு, பெட்டியை நிறுத்துவாரு, கூட்டத்தைப் பாப்பாரு. அடுத்த வரியிலதான் சிரிப்பு. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. அவரு வாயைத் தொறக்குமுன்னே நான் சத்தமாச் சொல்லிருவேன்.”

“எல்லாப் பாட்டுக்குமா?”

“ஸ்டாப் வர்றதுக்கு முந்தியே ஊர்ப்பேரைச் சொல்லிப் பழகின வாய். சும்மா இருக்குமா?”

“அவரு என்ன செஞ்சாரு?”

“முகம் சுண்டிப்போச்சு. கடைசியில பெட்டியை மூடிட்டு மைக்குல என்னமோ சொன்னாரு. ‘எல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு முன்னால நான் எதுக்கு வந்தேன்’னு. கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அது எந்தக் கேசட்டுலயும் கிடையாது.”

அம்மை ஒரு காம்பை உருவிக் கீழே போட்டார்.

“சரி, அதை விடுங்க. உங்க மனக்குறையைச் சொல்லுங்க.”

செண்பகராமன் பெருமூச்சு விட்டார்.

“அவ போனதுலேருந்து...”

“வீடு வெறிச்சோடிக் கெடக்கு,” என்றார் அம்மை.

“ஆமா. காலையில எந்திரிச்சா...”

“ரெண்டு பேருக்குக் காப்பி போட்டிருதிய.”

“ஆமா. அப்புறம் அவ பங்கை...”

“வாசல் முத்தத்துல ஊத்திருதிய.”

செண்பகராமன் மறுபடி வாயைத் திறந்தார்.

“சிரிச்சு எத்தனையோ நாளாச்சு,” என்று அதையும் அம்மையே சொல்லிவிட்டார்.

அவருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இருக்கிற துக்கத்தைச் சொல்லி அழக்கூட விடாத குரு என்ன குரு?

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“எல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு முன்னால நான் எதுக்கும்மா வந்தேன்?”

அம்மை கீரையைக் கீழே வைத்தார். நிமிர்ந்து அவரையே பார்த்தார்.

செண்பகராமன் நின்ற இடத்திலேயே நின்றார்.

“ஐயையோ,” என்றார் மெதுவாக. “அந்த மனுசன் என்னையத்தானே சொல்லியிருக்காரு!”

முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. கண்ணில் தண்ணீர் வழிய, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.