நிலா செய்த பிழை

"பிழை செய்தது நிலாவா, நாமா?" என்று கேட்டாள் அலர்மேல்.

அவள் கேட்டது ஆசான் குன்றனாரிடம்.

அவருடைய மலைக்குடிலில் வானக் கணிதம் கற்பார்கள். நிலாவின் ஓட்டத்துக்கான எண் முற்றத்துப் பாறையில் வெட்டியிருந்தது. அதை வைத்துத்தான் கிரகணம் குறிப்பார்கள். குறித்த நேரத்தில் கிரகணம் பிடிக்காவிட்டால், நிலா தவறிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் குடிலே நிலாவுக்காகப் பட்டினி கிடந்து பரிகாரம் செய்யும். எண்ணுக்கு மட்டும் ஒரு குறையும் வராது!

நேற்றைய கிரகணமும் முந்திவிட்டது. இன்று பட்டினி.

அலர்மேல் எல்லார் கண்ணெதிரிலும் அடுப்பை மூட்டினாள். கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டு, நிதானமாகக் குடித்தாள்.

"என்ன காரியம் இது?" என்றார் ஆசான்.

"நிலா மேல தப்பில்லை ஐயா. நான் ஏன் பட்டினி கிடக்கணும்?"

"அந்த எண் என் ஆசான் தந்தது."

"பெரியவர்தான். ஆனா நிலாவுக்கு அவரைத் தெரியாதே."

மற்ற மாணாக்கர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நாளைக்கு உனக்குக் கணியர் பட்டம். பாறையைத் தொட்டு, 'இந்த எண் பொய்க்காது'ன்னு சத்தியம் பண்ணணும். பண்ணுவியா?" என்றார் ஆசான்.

வீட்டையும் உறவையும் உதறிவிட்டு வந்தவள் அலர்மேல். ஆசானைவிட வயதில் மூத்தவள் வேறு. இந்தப் பட்டம் போனால் போக்கிடம் கிடையாது.

"மாட்டேன்."

"அப்ப கிளம்பு."

"கிளம்புறேன். அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு."

சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனாள். பட்டம் வாங்காதவர்கள் அதைத் தொடக் கூடாது. அவள் திரும்பி நின்று சொன்னாள்.

"வானத்தைப் பார்த்து நான் கண்ட எண்ணைத்தான் வெட்டப்போறேன். தடுக்கிறவங்க வந்து தடுங்க."

ஒருவரும் அசையவில்லை.

பழைய எண்ணைச் சுரண்ட இடம் பார்த்துக் கையை வைத்தாள். கை உள்ளே போயிற்று. பாறையில் அந்த இடம் மட்டும் ஆட்டுக்கல் போலக் குழிந்திருந்தது. குழி முழுக்க உளி பட்ட தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

அவள் விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன.

ஆசான் எழுந்து அருகில் வந்தார். உளியைப் பிடுங்கப்போகிறார் என்று அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆழமா வெட்டாதேம்மா," என்றார் அவர். "அடுத்து வெட்டுறவங்களுக்குக் கல் மிச்சம் இருக்கணும்."