கணித்தவரின் மனைவி

சாலிகிராமத்தில் மங்கையர்க்கரசி என்று ஒரு நடிகை. பெயரில்தான் அரசி. படங்களில் வேலைக்காரியாக வருவாள், கதாநாயகனுக்குத் தாயாக வருவாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுகிறவளாக வருவாள். இளமை முழுவதும் அப்படியே போயிற்று. ஐம்பதை நெருங்கும்போது ஒரு படம் வாய்த்தது. தன் மகனைக் கொன்றவனின் குழந்தையை எடுத்து வளர்க்கும் ஒருத்தியின் வேடம். தியேட்டரில் அவள் அந்தக் குழந்தைக்குத் தலைவாரிவிடும் காட்சியில் யாரும் இருமக்கூட இல்லை. அந்த ஆண்டின் பெரிய திரைப்பட விருது விழாவில், சிறந்த துணை நடிகைக்கான போட்டியில் அவள் பெயரும் வந்தது.

அவள் கணவர் சௌந்தரபாண்டியன் ஒரு வார இதழில் சினிமாப் பக்கம் எழுதுபவர். ஒவ்வொரு வருஷமும் விழாவுக்கு முந்தைய வாரம், எந்த விருது யாருக்குப் போகும் என்று எழுதுவார். அதற்காக எவரிடமும் போய் விசாரிக்க மாட்டார். படங்களைப் பார்ப்பார், தேர்வுக் குழுவில் இருப்பவர்களின் ரசனையை யோசிப்பார், எழுதிவிடுவார். பெரும்பாலும் பலித்துவிடும். அவர் எழுதியதை வைத்து டீக்கடையில் பந்தயம் கட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போட்டியில் இருப்பவர்களை அறிவித்த அன்று, சாப்பிட உட்கார்ந்தவரிடம் அரசி ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"இந்தத் தடவை துணை நடிகை விருதைப் பத்தி மட்டும் எழுதாதீங்க. கிடைச்சா கிடைக்கட்டும், இல்லாட்டி போகட்டும். உங்க வாயால வர வேண்டாம்."

சரி என்றார். வாக்குக் கொடுத்ததாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் எழுத உட்கார்ந்ததும் அவருக்கு மனம் கேட்கவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டால், மனைவி ஜெயிக்க மாட்டாள் என்று தெரிந்துதான் நழுவுகிறார் என்பார்கள். வேறொருத்தி பெயரை எழுதினால் அது பொய். மேலும் அந்த வருஷம் அவருக்குச் சந்தேகமே இல்லாத விருது அது ஒன்றுதான். மங்கையர்க்கரசி என்றே எழுதினார். இதழ் கடைக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கோபம் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் வந்ததால் சண்டை போடவில்லை.

தேர்வுக் குழுவின் தலைவர் அனந்தகிருஷ்ணன் பழைய இயக்குநர், கை சுத்தமானவர் என்று பெயரெடுத்தவர். அவரோடு சேர்த்துக் குழுவில் ஐந்து பேர். அந்த இதழ் வெளிவரும் முன்பே அவர்கள் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். துணை நடிகை விருது அரசிக்குத்தான் என்பதில் ஐவருக்கும் ஒரே குரல். ஆனால் இதழைப் படித்ததும் தலைவருக்கு வியர்த்துவிட்டது. கணவன் எழுதுகிறான், மனைவிக்குக் கிடைக்கிறது. உள்ளே பேசி முடித்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லாதா? குழுவை மறுபடியும் கூட்டினார். விருதின் மானத்தைக் காக்க வேண்டும் என்றார். அந்த அம்மாளின் பெயரும் கெடாமல் இருக்கும் என்றார். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். இரண்டாவதாக இருந்த பத்மஜாவின் பெயர் முதலிடத்துக்கு வந்தது. சௌந்தரபாண்டியன் சரியாகச் சொல்லியிருந்த மற்ற விருதுகளில் யாரும் கை வைக்கவில்லை.

பத்மஜா அரசியோடு பல படங்களில் நடித்தவள், வயதில் இளையவள். விழா அரங்கில் குழுவின் பெண் உறுப்பினர் ஒருவர் மனம் பொறுக்காமல் நடந்ததை அவள் காதில் சொல்லிவிட்டார். சற்று நேரத்தில் மேடையிலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள், வாங்கிக்கொண்டாள். அரசி எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். காமிரா தன் முகத்தைத் தேடி வரும் என்று தெரியும், சிரித்துக்கொண்டே தட்டினாள். அத்தனை வருஷத் தொழில் கைகொடுத்தது.

மறுநாள் காலை, கணவர் அலுவலகம் போன பிறகு பத்மஜா வீடு தேடி வந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். பையிலிருந்து விருதுச் சிலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நான் மேடையில வேண்டாம்னு சொல்லியிருந்தா விழாவே நாறிப்போயிருக்கும்க்கா. உங்களுக்கும் கிடைச்சிருக்காது. இதை நீங்க வச்சுக்குங்க."

அரசி அதைத் தொடவில்லை.

"எடுத்துட்டுப் போம்மா. இந்தச் சாமான் எனக்கு எதுக்கு? என் பேரை ஒரு தடவை மைக்குல கூப்பிட்டிருக்கணும். அதை எப்படிக் கொண்டுவந்து தருவே?"

பிறகு அனந்தகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். அவர் மறுக்கவில்லை. உங்கள் நல்லதுக்கும் சேர்த்துத்தான் செய்தேன் என்றார். சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்படின்னா நான் எழுதினது சரிதான்" என்றார். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

உண்மையைத்தான் எழுதினேன் என்கிறார் ஒருவர். மானத்தைக் காத்தேன் என்கிறார் ஒருவர். தானாக வந்ததை வாங்கினேன் என்கிறாள் ஒருத்தி. கேட்டவர்கள் நீங்கள் சொல்லுங்கள்: அரசியின் விருதைப் பறித்தது இவர்களில் யார்?

விடை: பறித்தவர் அனந்தகிருஷ்ணன். சௌந்தரபாண்டியன் கொடுத்த வாக்கை மீறினார், ஆனால் நடக்கப்போவதை முன்னால் சொன்னதால் ஒருவருடைய தகுதி குறைந்துவிடாது. பத்மஜா வாங்கியது ஏற்கெனவே பறிபோன பொருள். அவள் குற்றம் கோழைத்தனம். இதழ் வருமுன்பே முடிவாகிவிட்டது என்று சொல்லத் தலைவருக்கு நான்கு சாட்சிகள் இருந்தார்கள். யாரும் சுமத்தாத பழிக்குப் பயந்து, தன் நல்ல பெயருக்கு இன்னொருத்தியின் உழைப்பை விலையாகக் கொடுத்தார். நியாயம் இவ்வளவுதான். ஆனால் அரசியின் மனக்கணக்கு வேறாக இருந்தது. பின்னாளில் ஒரு கல்யாணத்தில் அனந்தகிருஷ்ணனைப் பார்த்தபோது எழுந்து கும்பிட்டாள். பத்மஜாவோடு மறுபடியும் நடித்தாள். கணவரிடம் மட்டும் தன் படங்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.